எண்பது வந்தால் போதும்

கனடாவில், தண்டர் பே நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில், வெர்னாவின் உணவகத்துக்குப் பக்கத்தில், மின்சாரக் கார்களுக்கான சார்ஜர் பொருத்த வந்திருந்தேன். மின் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை அதன் திரையில் ஒன்பது சதவீதம் என்று இருந்தது. கேபிள் தரையில் கிடந்தது. எங்கும் முழங்கால் அளவு பனி. சார்ஜருக்கு முன்னால் மட்டும் ஒரு கார் நிற்கும் அளவுக்குத் தரை காய்ந்திருந்தது.

வெர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ரெனோ, ரெண்டு வருஷம் முன்னால ஒருத்தர் கார்ல வந்தாருப்பா. பேட்டரில ஒன்பதுதான் இருக்கு, இங்க சொருகிக்கட்டுமான்னு கேட்டாரு. கடை மூடற நேரம், முடியாதுன்னுட்டேன்."

அன்றிரவு அடித்த பனிப்புயல் ஓய்ந்தபின் அந்தக் காரை முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கண்டுபிடித்தார்கள். அவர் உள்ளேயே உறைந்து இறந்திருந்தார்.

செவ்வாயன்று முப்பத்தொன்று. புதன்கிழமை ஐம்பத்தாறு. வியாழக்கிழமை எழுபத்தொன்று. அன்றுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரையில் இருக்கும் எண் அழிந்துவிடும்.

"நாளைக்குக் குடேன்," என்றாள் வெர்னா.

"ஆபீஸ்ல என்னன்னு சொல்றது?"

"குளிருதுன்னு சொல்லு."

"இங்கயே பொறந்து வளந்த நான் குளிருதுன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எண்பதுக்கு மேல மெதுவாத்தான் ஏறுமாமே. எண்பது வந்தா காரை எடுத்துட்டு அடுத்த ஆளுக்கு விட்டுடுவாரு. அன்னிக்கு இங்க காப்பி குடிச்ச கோப்பையக்கூடக் கழுவி வச்சுட்டுப் போன மனுஷன்."

அன்று மாலை சார்ஜர் மேல் ஒரு கோப்பை காப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை திரையில் எண்பது. கேபிள் ஒழுங்காகச் சுற்றி மாட்டியிருந்தது. பனியில் டயர்த் தடம் அங்கேயே தொடங்கி, தண்டர் பே பக்கம் திரும்பியிருந்தது. கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.