கருத்தரங்குக்கு டாக்டரே போனார்

டிரைவர் டாக்டருக்கு டை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாகக் கட்டிப் பழகிய கை. முடிச்சு ஒரே தடவையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“மூச்சு முட்டுதுப்பா” என்றார் டாக்டர்.

“அரை மணி நேரத்துல பழகிடும் சார். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது.”

டை டிரைவருடையதுதான். மருத்துவக் கருத்தரங்குகளுக்குப் போவதற்காக டாக்டர் வாங்கிக் கொடுத்தது. புது ஆராய்ச்சி, புது சிகிச்சை முறை எல்லாவற்றையும் டாக்டர்கள் அவ்வப்போது தெரிந்துகொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் ஆறு புள்ளி. ஐந்து வருஷத்தில் முப்பது புள்ளி சேராவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நம் டாக்டருக்கோ கருத்தரங்கு என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி வரும். அதனால் அவருடைய பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு டிரைவர்தான் போய் உட்கார்ந்துவிட்டு வருவார்.

“இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடுப்பா. நாளையோட கெடு முடியுது. இன்னும் ஆறு புள்ளி இடிக்குது.”

“முடியாது சார். இன்னிக்குப் பாப்பாவுக்கு ஓட்டப் பந்தயம். போன வருஷம் மூட்டுவலிக் கருத்தரங்குல மாட்டிக்கிட்டு, அவ ஜெயிச்சதையே நான் பார்க்கல.”

அங்கே டாக்டர் பெயருக்கு எல்லோரும் பார்த்துப் பழகிய முகம் டிரைவருடையது. சொந்தப் பெயரில் போய் ஆள்மாறாட்டத்தில் பிடிபடப் போகிறோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

“அங்க யாராவது ஏதாவது கேட்டா?”

“தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்ற டிரைவர், டாக்டரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “இல்ல, வேண்டாம் சார். வாயே திறக்காதீங்க. போன வாரம் முதுகுவலின்னு வந்தவரைப் பத்து நாள் படுத்தே இருக்கச் சொன்னீங்க. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல, முடிஞ்ச அளவு நடமாடத்தான் சொல்றாங்க. வாசல்ல நான்தான் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன்.”

அந்த ஆள் மூன்றாம் நாளே போன் செய்து, “உங்க கைராசியே கைராசி டாக்டர்” என்று உருகியது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

கருத்தரங்கு வாசலில் ஐம்பது அறுபது கார்கள் நின்றன. எங்கே நிறுத்துவது என்று கேட்கலாமென்றால் ஒரு டிரைவரைக்கூடக் காணோம். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, குப்பைத் தொட்டி ஓரமாக இடம் பிடித்தார்.

வருகைப் பதிவேட்டில் அடுத்த கண்டம். நல்லவேளையாகப் போன தடவைப் பக்கமும் அதிலேயே இருந்தது. அதில் டிரைவர் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, தம் பெயரைத் தாமே காப்பியடித்தார்.

உள்ளே கடைசி வரிசையில் போய்ப் பதுங்கிக்கொண்டார். அரங்கம் நிறைய கோட்டும் டையும். ஒருவர்கூடத் தூங்கவில்லை, போனை நோண்டவில்லை. எல்லோரும் நோட்டைத் திறந்து வைத்து விழுந்து விழுந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் குழந்தை மருத்துவ நிபுணர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிபுணர் இவ்வளவு புரியும்படி பேசி டாக்டர் கேட்டதே இல்லை.

“சிரப் ஒரு ஸ்பூன்னு சீட்டுல எழுதாதீங்க. வீட்டுக்கு வீடு ஸ்பூன் அளவு வேற. மில்லி கணக்குல எழுதுங்க, பாட்டிலோட வர்ற அளவு மூடியில ஊத்திக் குடுக்கச் சொல்லுங்க. இன்னும் ஸ்பூன் கணக்குல எழுதறவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம்.”

முப்பது வருஷப் பழக்கம். டாக்டரின் கை தானாக மேலே போய்விட்டது.

போன பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். வேறு ஒரு கைகூட இல்லை. அத்தனை தலைகளும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. யாரோ ஒருவர் உச்சுக்கொட்டினார்.

கையை மெல்ல இறக்கி மடியில் ஒளித்துக்கொண்டார். ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லாம் இப்படி விழுந்து விழுந்து படிக்கும்போது தாம் மட்டும் ஏமாற்றிக்கொண்டு திரிந்தோமே என்று மனசு சுட்டது. நாளையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் படிப்பது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தார். நிஜமாகவே செய்தார்.

பக்கத்தில் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர். இதய நோய் நிபுணர் என்றது சட்டையில் இருந்த அட்டை. அவர் டாக்டரின் அட்டையைப் படித்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் படித்தார்.

“இந்தப் பேருக்கு வழக்கமா வேற ஒருத்தர்தானே வருவார்?”

பதிவு போச்சு, கிளினிக் போச்சு, மானமும் போச்சு.

“அது வந்து... அவர் இன்னிக்கு லீவு” என்று டாக்டர் உளறிவிட்டார்.

இதய நிபுணர் அருகில் நகர்ந்து உட்கார்ந்து, டாக்டரின் முதுகில் ஆதரவாகத் தட்டினார்.

“பயப்படாதீங்கண்ணே. இங்க எல்லாரும் டிரைவருங்கதான், மேடையில பேசறவரு மட்டும் கம்பவுண்டர்.”