இன்றைய பகுதி

கிரேன் தானாகச் சுற்றியது.

சூறைக்காற்றில் அப்படித்தான் அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் மொத்தமும் சாய்ந்துவிடும். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஓட்டுநருக்கு அது தெரியும். தெரிந்தும் அவருடைய கை பிரேக்கை நோக்கியே போனது.

இருபது மாடி உயரம். இறங்கிவிடச் சொல்லிக் கீழேயிருந்து தகவல் வருவதற்குள் காற்று முந்திக்கொண்டது. இனி ஏணியில் கால் வைத்தால் சருகாய்ப் பறக்க வேண்டியதுதான்.

கண்ணை மூடினார்.

பதினோரு வருடமாக, வேலைக்குக் கிளம்புமுன் வேதத்தில் ஒரு பகுதியை வாய்விட்டுப் படித்து, அரைமணி நேரம் அதையே அசைபோடுகிறவர். காய்ச்சலில்கூடத் தவறியதில்லை.

ஒரு வரியும் வரவில்லை.

காலையில் படித்தது, நேற்றுப் படித்தது, எதுவுமே. கூண்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து, மனசில்லாமல் நிமிர்ந்தது. தன் பெயராவது நினைவிருக்கிறதா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போனை எடுத்து மனைவியை அழைத்தார். அவள் ஒருநாளும் அவரோடு வந்து உட்கார்ந்ததில்லை. அவர் படிக்கையில் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். சுவருக்குப் படிப்பதுபோல இருக்கும் அவருக்கு.

"இன்னைக்குக் காலைல படிச்சேனே... என்னது அது?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. காற்றின் ஊளை அவளுக்கும் கேட்டிருக்கும்.

முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை சொன்னாள். அவர் குழந்தைபோலத் திருப்பிச் சொன்னார். கூண்டு சுழன்றது. நேற்றையதைச் சொன்னாள். முந்தாநாள் படித்ததை. போன மாதம் படித்ததை. அவர் வழக்கமாகத் தடுமாறும் இடங்களில் அவளும் தடுமாறினாள்.

காற்று அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கீழே ஆட்கள் எறும்பளவில் நின்று கையசைத்தார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. என்னைவிட உனக்குத்தான் நம்பிக்கை அதிகம், இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று அவளிடம் சொன்னார்.

மறுமுனையில் அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நம்பிக்கையெல்லாம் நம்ம பாப்பா செத்த அன்னிக்கே போச்சுங்க. அவளை எதுக்கு எடுத்துக்கிட்டான்னு அதுல எங்கயாவது போட்டிருக்கும், அந்த இடம் வரும், வரும்னுதான் தினமும் கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னும் வரல. நீங்க பார்த்து இறங்குங்க."