அமுக்கக் கூடாத இடம்

டார்ச்சைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை நடுங்கியது. வெளிச்சம் விமானத்தின் வால்மேல் ஓர் இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பாவம், காலையிலிருந்து காக்க வைத்தால் மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும் என்று நினைத்தபடி, மெக்கானிக் தன் வேலையை அவசரப்படுத்தினாள்.

நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. மாப்பிள்ளை ஓட்டக் கற்றுக்கொண்ட பெருமையில் மாமனார் வாங்கிக் கொடுத்தது. விமானக் கொட்டகையில் எல்லோருமே அவரை மாப்பிள்ளை என்று சொல்வது மாமனார் வாயைக் கேட்டு வந்த பழக்கம். அன்றைக்குக் குடும்பத்தோடு பறப்பதாக ஏற்பாடு. வெளியே காருக்குள் மாப்பிள்ளையின் மனைவியும் சின்னப் பெண்ணும் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வாலின் வலது பக்கத்தில் பூசியிருந்த சிவப்பு மருந்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் வெள்ளை மருந்தை அடித்தாள். உள்ளே விரிசல் இருந்தால், அதில் ஒளிந்துகொண்ட சிவப்பு வெள்ளையில் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். மாமனாரும் எட்டிப் பார்த்தார்.

மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழும்பியது. வெளிச்சத்தின் ஆட்டம் நின்றது.

“விரிசல்தான். இன்னைக்குப் பறக்க முடியாது,” என்றாள்.

மாமனார் பிடித்துக்கொண்டார். போன முறை இடது பக்கம் விரிசல் என்று தகடு போட்டவள் இவள்தான். வலது பக்கம் ஒரு பழுதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவளும் இவள்தான். கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தா அது என்று அவர் கேட்ட கேள்வியில், பக்கத்து விமானத்தில் வேலையாக இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, உன் கையெழுத்த நம்பித்தானே என் பேத்திய இதுல உக்கார வைக்க இருந்தேன்? உன் முதலாளிகிட்ட பேசறேன். இனிமே நீ எந்த விமானத்துலயும் கை வைக்கக் கூடாது.”

“விடுங்க மாமா,” என்றார் மாப்பிள்ளை. “அக்கா பாக்காம விட்டிருந்தா நம்ம கதி என்ன? இன்னொரு நாள் போய்க்கலாம்.”

அந்தப் பெருந்தன்மை அவளை இன்னும் குத்தியது. போன முறை வலது பக்கத்தையும் இதே மருந்து போட்டுத்தான் பார்த்திருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியானால் யாரோ வாலை அமுக்கியிருக்கிறார்கள்.

சின்ன விமானத்தைத் தரையில் திருப்ப வேண்டுமென்றால் முன் சக்கரத்தில் கம்பியை மாட்டி இழுக்க வேண்டும். அதற்குச் சோம்பல்படுகிறவர்கள் வாலை ஓர் அமுக்கு அமுக்கி, மூக்கைத் தூக்கித் திருப்பிவிடுவார்கள். அமுக்க அமுக்க, வாலுக்குள் ஓடும் சட்டம் நொந்துபோய் ஒரு நாள் வாய் பிளக்கும். முதல் விரிசல் அப்படி வந்ததுதான். அது மாப்பிள்ளையின் கைப்பழக்கம்.

அதை அவள் எடுத்துச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. எந்த இடத்தில் அமுக்கினால் ஆபத்து என்று கேட்டு, அவள் விரல் வைத்துக் காட்டியதை முதல் பெஞ்சு மாணவனைப் போலக் கவனித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் மறுபடியும் செய்வாரா?

அவளுடைய சந்தேகமெல்லாம் காவலாளி மேல்தான். விமானங்களை உள்ளே தள்ளி நிறுத்துகிறவர் அவர். உண்மையைச் சொல்லிவிடுங்கள், என் பிழைப்பே போகப்போகிறது என்று அவரிடம் போய் நின்றாள்.

“நான் அமுக்கறது எங்க வீட்டுக்காரி காலை மட்டும்தாம்மா. அதுவும் சண்டை போட்ட அன்னைக்கு,” என்றார் அவர்.

வாலில் விரல்கூட வைத்ததில்லை என்று சொல்லி, இழுக்கும் கம்பியைத் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளையைத் தவிர அந்த விமானத்தின் பக்கம் வேறு யாரும் வருவதே இல்லையாம். போன மழையில் பறந்தபோது காற்று தூக்கிப் போட்டு, தட்டுத் தடுமாறி இறங்கினாரே, அதற்கப்புறம் பறக்காவிட்டாலும் அடிக்கடி தனியாக வந்து விமானத்தைத் துடைத்துவிட்டுப் போகிறாராம்.

“பெத்த புள்ளையக்கூட யாரும் அப்படிப் பாத்துக்க மாட்டாங்கம்மா.”

துப்பு ஒன்றும் கிடைக்காமல் அவள் வேலையில் இறங்கினாள். விரிசலின் நுனியில் ஒரு பொடித்துளை போட்டு, அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தினாள். விமானத்தைச் செய்தவர்கள் சொன்ன முறைப்படி, இரண்டு பக்கச் சட்டத்துக்கும் கனமான தகடு வைத்து ரிவிட் ஆணி அடித்தாள். முதலாளி முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். இன்னொரு விரிசல் வந்தால் நீ வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டும் போனார்.

கிளம்பும் நாள் வந்தது. காரில் அதே பெட்டிகள். மாமனார் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மறுபடியும் மருந்தடித்துக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“ரெண்டு பக்கமும் கெட்டியாயிடுச்சு தம்பி. தைரியமா போயிட்டு வாங்க,” என்றாள். “ஆனாலும் கம்பிய மாட்டியே திருப்புங்க. என் வேலை அதுலதான் இருக்கு.”

காருக்குள்ளிருந்து சின்னப் பெண் கையசைத்தாள். மாப்பிள்ளையும் கையசைத்தார். பிறகு அந்தக் கையை வாலின் வலது பக்கத்தில், அவள் அன்றைக்கு விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் ஊன்றி, ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

வால் முனகவில்லை. அவர் கைதான் நடுங்கியது.

மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“அக்கா, இனிமே எங்க அமுக்கினா விரிசல் விடும்?”