திட்டு யாருக்கு?

"மறைக்கணுமா, வரையணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்கம்மா."

"ரெண்டும்தான்," என்றாள் வடிவம்மா. "சின்னவனுக்கு மறைச்சிருங்க. பெரியவனுக்கு வரைஞ்சிருங்க."

கையில் பஞ்சோடு பரிமளம் அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடி முன்னால் இரண்டு கதிரைகளில் வடிவம்மாவின் இரட்டைப் பிள்ளைகள், புத்தகக் கடை நடத்தும் அண்ணனும் தம்பியும், உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே நீலச் சட்டை. சின்னவன் சண்முகநாதனின் இடது கன்னத்தில் மட்டும் காது வரை பரவிய ஒரு வெள்ளைத் திட்டு. பெரியவன் மயில்வாகனத்தின் கன்னம் சுத்தமாக இருந்தது.

தோலில் உள்ள திட்டு, தழும்பு, தீக்காயம் எல்லாவற்றையும் மறைக்கும் ஒப்பனையை முறையாகப் படித்தவள் பரிமளம். மறைக்கச் சொல்லி அவள் சலூனில் அழுதவர்கள் உண்டு. வரையச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"எதுக்கும்மா வரையணும்?"

வடிவம்மா குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்கு சின்னவனுக்குப் பொண்ணு பார்க்க குண்டசாலைக்குப் போறோம். போன வாரம் பொண்ணு வீட்டு ஆளு ஒருத்தர் நம்ம ஊர் மஹய்யாவுக்கே வந்து, 'ரெட்டையில ஒருத்தருக்குக் கன்னத்துல வெள்ளைத் திட்டு இருக்காமே'ன்னு தெருவெல்லாம் விசாரிச்சிட்டுப் போயிருக்காரு. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் ஒண்ணும் இல்லேன்னா தேடுவாங்க. பெரியவன் மூஞ்சியில இருந்துட்டா, தேட மாட்டாங்க. அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே!"

"பின்னாடி தெரிஞ்சா?"

"பெரியவனுக்குக் குணமாகி, சின்னவனுக்கு வந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

பரிமளம் சண்முகநாதனின் முகத்தைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லிடலாமேம்மா," என்றான் சண்முகநாதன் மெதுவாக.

"சொல்லித்தானே முதல்ல வந்தவங்க தேத்தண்ணியக் கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாங்க. நீ வாயை மூடு."

அவன் வாயை மூடினான். அதற்கு மேல் பரிமளத்துக்கும் மறுக்க மனம் வரவில்லை.

கதிரையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள். புறங்கையில் இரண்டு நிறங்களைக் குழைத்து, அவன் நெற்றியோடு ஒப்பிட்டுப் பார்த்து, திட்டின் மேல் மெல்லிசாகத் தட்டித் தட்டிப் பூசினாள். பவுடர் போட்டு ஊறவிட்டு, பிரஷ்ஷால் தட்டினாள். திட்டு போன இடம் தெரியவில்லை.

சண்முகநாதன் கண்ணாடியைப் பார்த்தான். "இது நான் இல்ல. அண்ணன்," என்றான்.

அதன் பிறகு மயில்வாகனத்தின் கன்னத்தில், தம்பியின் பழைய படம் ஒன்றைப் பார்த்து, அதே அளவில் வெள்ளையைப் பூசினாள். ஓரத்தை மட்டும் இயல்பாக மங்கவிட்டாள். வேலை அச்சு அசலாக வந்திருந்தது. மயில்வாகனத்தின் மனைவி புஷ்பம் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயோ அத்தை! யார் புருஷன்னு எனக்கே குழம்புதே!"

"குழம்பணும். அதுக்குத்தான் வந்தோம்," என்றாள் வடிவம்மா. "பரிமளம், நீங்களும் வாங்க. வேர்த்துக் கீர்த்து வெச்சா யாரு பார்க்கிறது? சொந்தக்காரின்னு சொல்லிக்கலாம்."

குண்டசாலையில் பெண்ணின் தகப்பனார் வீரய்யா வாசலுக்கே வந்து வரவேற்றார். எல்லோரும் உட்கார்ந்ததும் அவர் கண்கள் இரட்டையர் முகங்களுக்குப் போயின. மயில்வாகனத்தின் கன்னத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க மாப்பிள்ளை!" என்று அவன் கையைப் பிடித்தார்.

வடிவம்மா பாய்ந்து குறுக்கே வந்தாள். "ஐயோ, அது பெரியவன்ங்க! கல்யாணம் ஆனவன். இந்தா, இவதான் பொண்டாட்டி. மாப்பிள்ளை இந்தப் பக்கம். நல்லாப் பாருங்க, மூஞ்சியில ஒரு புள்ளி கூடக் கிடையாது."

வீரய்யாவின் கை நழுவியது. தேநீர்த் தட்டோடு அப்போதுதான் வந்த சுகிர்தா கதவடியிலேயே நின்றாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவள். மயில்வாகனத்தையும் புஷ்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் கலங்கியது. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பெரியவனுக்கு இருக்கிறது ஒட்டுற வியாதி இல்லீங்க," என்றாள் வடிவம்மா அவசரமாக.

"தெரியும்மா," என்றார் வீரய்யா. உள்ளே போனார். தாழ்ந்த குரலில் ஏதோ பேச்சுக் கேட்டது. திரும்பி வந்தபோது கைகளைக் கூப்பியிருந்தார்.

"மன்னிச்சிருங்க. இந்தச் சம்பந்தம் சரிவராது."

வடிவம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் சரிவராது? திட்டு பெரியவனுக்குத்தானே! என் சின்னவன் மூஞ்சியில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!"

"குறை ஒண்ணும் இல்லம்மா." வீரய்யா சங்கடத்தோடு தலையைத் தடவினார். "என் மக ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கொப்பி, பென்சில் வாங்க உங்க பிள்ளைங்க புத்தகக் கடைக்குத்தான் போறது. அங்க ஒருத்தர் பென்சிலை ஒவ்வொண்ணாச் சீவிக் குடுப்பாராம், அவரைத்தான் அவளுக்குப் பிடிச்சிருக்கு. பேர் தெரியாது. ரெட்டையில ஆள் மாறிடக் கூடாதுன்னு, 'கன்னத்துல வெள்ளைத் திட்டு உள்ளவர்'னு அடையாளம் சொல்லி விசாரிக்க அனுப்புனதே அவதாம்மா."

சண்முகநாதன் எழுந்து பரிமளத்தின் முன்னால் போய் நின்றான்.

"துடைச்சிடுங்க அக்கா. ரெண்டு பேருக்கும்."