அப்பாவைப் பற்றிய சொல்

மூடியில்லாத மெஷின் அப்பாவைக் கொன்ற பதினோராம் நாள், மில் மேனேஜர் ஓர் ஆங்கிலக் காகிதத்தோடு வந்தார். அம்மாவின் கட்டைவிரலில் அவரே மையைத் தடவினார்.

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா, வை."

"இருங்க சார், எம்பொண்ணு படிக்கட்டும்."

விபத்துக்குக் காரணம் இறந்தவரின் 'நெக்லிஜென்ஸ்' என்றிருந்தது. இங்கிலீஷ்-இங்கிலீஷ் அகராதியைத் திறந்தேன்.

"டிகிரி முடிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" மேனேஜர் சிரித்தார்.

அகராதி இன்னொரு ஆங்கிலச் சொல்லைக் காட்டியது, அது வேறொன்றை. மூன்றாவது புரிந்தது. கவனமின்மை. மூடி போடச் சொல்லி மூன்று மாதம் கெஞ்சிய மனிதருக்கு!

"என்னடி போட்டிருக்கு?" அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்பாமேலதான் தப்பாம்."

அந்த மைவிரலைப் பிடித்து, காகிதத்தில் அல்ல, அகராதியில் நெக்லிஜென்ஸின் மேல் அழுத்தினேன். சொல் மறையும்வரை எடுக்கவிடவில்லை.