அப்பா பை

"கால் வலிச்சா அம்மாகிட்ட சொல்லணும். எது கனமா இருந்தாலும் அப்பா பையில போட்டுடணும். சும்மா சிணுங்கக் கூடாது. சரியா?"

மலையடிவாரத்தில் காரைப் பூட்டிவிட்டு, தீயணைப்புக்காரர் தன் வழக்கமான சட்டத்தை வாசித்தார்.

"சரிப்பா!" என்று கத்தினாள் மூத்தவள் வாலு. நாலு வயசுத் தம்பி உருண்டைக்கு அக்கா சொன்னால் வேதவாக்கு. அவனும் கத்தினான்.

லீவு கிடைத்தால் போதும், இந்தக் குடும்பத்துக்கு மலையேறியாக வேண்டும். ஆனால் போன வருஷம் ஒரு தீ விபத்தில் ஏணியிலிருந்து விழுந்து அவர் காலை உடைத்துக்கொண்ட பிறகு, இன்றைக்குத்தான் முதல் தடவை.

"அந்த மணல் மூட்டையை இன்னைக்கும் சுமக்கணுமா? பிள்ளைங்களோட ஜாலியா ஏறிட்டு வரலாம்ல?" என்றாள் மனைவி. காலையில் அந்த மூட்டை இருந்த பையைத் தூக்கிக் காரில் வைத்தது அவள்தான். கை இன்னும் வலித்தது.

"நாளைக்குத் தேர்வும்மா. இதே கனத்தைத் தூக்கிக்கிட்டு பயிற்சிக் கோபுரத்துல ஏறிக் காட்டணும். இன்னைக்கு உச்சி வரைக்கும் போயிட்டேன்னா, நாளைக்கு ஊதித் தள்ளிடுவேன்."

"போக முடியலைன்னா?"

"ஃபோன் நாற்காலிதான். மணி அடிக்கும், எல்லாரும் வண்டியில பாய்ஞ்சு ஏறுவாங்க. நான் மட்டும் அட்ரஸை எழுதிக் குடுத்துட்டு ஃபேனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அதுக்கு பதிலா..." பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

முதல் வளைவு வரை ராஜா மாதிரி ஏறினார். பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சியைத் துரத்தினார்கள், புதருக்குள் எட்டிப் பார்த்தார்கள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஓயாமல் நச்சரித்தார்கள். அவருக்கு அந்த நச்சரிப்பே தேனாக இருந்தது. இதைக் கேட்டு எத்தனை மாசமாச்சு!

ஒரு பாறை வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்பா, தண்ணி!"

"பையில இருக்கு. நீங்களே எடுத்துக்கோங்க."

முதுகுக்குப் பின்னால் ஜிப் திறக்கும் சத்தம். குசுகுசுப்பு. சிரிப்பு.

"டேய் உருண்டை, கையைப் பாரு, ஒரே மண்ணு!" என்று அம்மா அவன் கையைத் துடைத்துவிட்டாள்.

மறுபடி பையை மாட்டியபோது லேசாகத் தள்ளாடினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மனைவி பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி முன்னால் நடந்தாள்.

அடுத்த நிறுத்தத்திலும் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள், பிஸ்கெட் தின்றார்கள். அதற்கடுத்ததிலும் அதே கதைதான். ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

'தண்ணி பாதி காலி. பிஸ்கெட் மொத்தமும் காலி. பை லேசாத்தானே ஆகணும்? அப்போ கால்தான் போச்சு' என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் விடவில்லை. மனுஷன் பிடிவாதத்துக்குப் பேர் போனவர். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதையோர வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"அப்பா, நான் வேணா பின்னாலேர்ந்து தள்ளட்டுமா?" என்றாள் வாலு.

"வேணாம்டா கண்ணு. அப்பாவே வருவேன்."

உச்சிக்கு இன்னும் ஒரே ஒரு வளைவு. மேலே ஏறியவர்கள் போட்டோ எடுத்துச் சிரிப்பதுகூடக் கேட்டது. அங்கேதான் அவர் கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். பை தோளிலிருந்து வழுக்கித் தரையில் தொம்மென்று விழுந்தது.

"என்னங்க!"

"முடிஞ்சு போச்சும்மா." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "நான் நாளைக்குப் போகலை. அத்தனை பேர் முன்னாடி பாதியில இப்படி விழுந்து அசிங்கப்படறதுக்கு, அந்த நாற்காலியே மேல்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர, அசையவில்லை. அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் பிள்ளைகள் பயந்துவிடுமே!

"சரி, விடுங்க. பையை நான் எடுத்துக்கறேன். வெறுங்கையோட வாங்க. உச்சியைப் பார்த்துட்டாவது இறங்கலாம்."

வாரைப் பிடித்து இழுத்தாள். பை நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். ம்ஹூம்.

"என்னங்க இது? காலையில நான்தானே இதைத் தூக்கி கார்ல வெச்சேன்!"

முட்டி போட்டு ஜிப்பைத் திறந்தாள். மணல் மூட்டைக்கு மேலே கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று பை நிறையக் கற்கள்! தேங்காய் அளவுக்கு ஒன்று, அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

"எல்லாம் ரொம்ப கனம்பா," என்றான் உருண்டை, பெருமை தாங்காமல். "ஆனா நாங்க சிணுங்கவே இல்ல. நீங்க சொன்ன மாதிரியே உங்க பையில போட்டுட்டோம்!"

தீயணைப்புக்காரர் கற்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு ஒரு கல்லைக்கூட வெளியே எடுக்காமல் ஜிப்பை மூடி, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்று கேட்டார்: "வேற ஏதாவது கனமா இருக்காடா?"