மூன்றாம் கம்பமும் நான்காம் கம்பமும்

கம்பி நான்காவது முறையாக அறுந்திருந்தது. இடம் மாறவில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான மேல் லயத்துக்குப் பின்னால், மலைச்சரிவில், மூன்றாம் கம்பத்துக்கும் நான்காம் கம்பத்துக்கும் நடுவில்.

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஆபீசைக் கொழும்புத் தலைமையகத்தோடு இணைத்தது அந்த ஒரு கம்பிதான். அறுந்தால் இணையமும் இல்லை, போனும் இல்லை. தோட்ட மேலாளரான துரை, தலைமைக் கிளார்க் நாகரத்தினத்தை முறைப்பார். நாகரத்தினம் ஹட்டனிலிருந்து டெக்னீஷியன் விஜேந்திரனை வரவழைப்பார்.

முதல் இரண்டு முறை அறுந்தது செம்புக் கம்பி. செம்புக்கு நல்ல விலை இருக்கும்வரை திருடன் விடமாட்டான் என்றான் விஜேந்திரன். டவர் சிக்னல் வைத்தால் அடைமழையில் படுத்துவிடும். ஃபைபர்தான் சரி, உள்ளே இருப்பது வெறும் கண்ணாடி இழை, யாரும் வாங்கமாட்டார்கள், எவனும் தொடமாட்டான் என்று அறிக்கை எழுதிக் கொடுத்து, ஃபைபரும் இழுத்தான்.

ஒன்பதாம் நாள் அது அறுந்தது. இப்போது மறுபடியும்.

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்டி எடுத்துட்டுப் போறான் சார். மொதல்ல நாலு விரக்கடை. அப்புறம் ஒரு சாண், ஒரு முழம். இப்ப ஒட்டுப் போட ரெண்டு முழம் வேணும்" என்றான் விஜேந்திரன்.

விற்க முடியாததை வெட்டுகிறவன் திருடனாக இருக்க முடியாது. வன்மம் பிடித்தவனாகத்தான் இருக்கவேண்டும். இந்த இடத்தில் நாகரத்தினத்துக்குச் செல்லசாமி ஞாபகத்துக்கு வந்தார்.

மேல் லயத்துச் செல்லசாமிக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. போன ஐப்பசியில் அவர் மனைவி ராக்காயி இறந்த அன்று, ஆம்புலன்ஸ் கூப்பிட ஆபீஸ் போன் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசியதில்லை. இந்த மாதம் மட்டும் நான்கு முறை ஆபீஸ் படியில் வந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். குறை கேட்கும் நாள் புதன்கிழமை, அன்றைக்கு வா என்று நாகரத்தினம் அனுப்பிவிட்டார். புதன்கிழமைகளில் துரை இருப்பதில்லை.

விடிந்ததிலிருந்து மழை பிடித்துக்கொண்ட அன்று, காவல்காரர் செல்லசாமியைக் கம்பத்தடியிலிருந்து கூட்டிவந்தார். ஒரு கையில் கவ்வாத்துக் கத்தி. மறு கையில் நீளமான மூங்கில் குச்சி. குச்சியில் கத்தியால் வெட்டிய நான்கு கோடுகள்.

"எத்தனை தடவை அறுத்தேன்னு கோடு வேற போடுறியா? நீதானே?" என்றார் நாகரத்தினம்.

செல்லசாமி மழையைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. நான்தான். பொலிசுக்குச் சொல்லுங்க. இப்பவே வரச் சொல்லுங்க."

கம்பி அறுந்திருந்ததால், நாகரத்தினம் கைபேசியோடு சிக்னல் கிடைக்கும் மேசைமேல் ஏறி நின்று முறைப்பாடு சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. ஓர் ஆளைப் பொலிஸ் கொண்டுபோனால் லயமே பின்னால் போய் நிலைய வாசலில் உட்காரும். ஆளை விடும்வரை எழாது. அது அங்கே பழக்கம். சங்கத் தலைவர் ஆண்டியப்பன் யாரும் வேலைக்குப் போகவேண்டாம் என்றார். லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளையும் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு லொறியில் ஏறினார்கள். படுக்கையில் கிடந்த கிழவி பேச்சியம்மாவும் விடவில்லை.

"தனியா கெடைச்சா அடிச்சிருவாங்கப்பா. என்னையும் தூக்குங்க."

நிலையத்தில் செல்லசாமி வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். எதனால் அறுத்தாய், எப்படி அறுத்தாய் என்று கேட்டபோது, வாசலில் உட்கார்ந்த லயத்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல வந்த விஜேந்திரன், மேசையில் கிடந்த குச்சியைச் சும்மா கையில் எடுத்தான். நுனியிலிருந்து முதல் கோடுவரை நாலு விரக்கடை. அடுத்த கோடு ஒரு சாணில். பிறகு ஒரு முழம். கடைசிக் கோட்டை அவன் இரண்டு முறை அளந்து பார்த்தான்; சரியாக இரண்டு முழம்.

பதினொன்றரைக்கு நாகரத்தினத்தின் கைபேசி அடித்தது. போன ஐப்பசியில் சரிந்து ராக்காயியை மூடிய அதே மலை இறங்கிவிட்டது. மேல் லயம் இருந்த இடத்தில் மண்தான் இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று செல்லசாமியைக் கேட்டார் நிலையப் பொறுப்பதிகாரி. வாசலில் பேச்சியம்மா யாரிடமோ வெற்றிலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மலை நகருதுன்னு சொல்ல நாலு தடவை ஆபீசுக்குப் போனேங்கய்யா, யாரும் கேக்கல, கம்பிய அறுத்தேன்னு ஒரே தடவை சொன்னேன், லயமே எறங்கி வந்துருச்சு."